சம்பளமில்லாத நாற்காலி

மொனராகலையிலும் வெல்லவாயவிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற உங்களோடு இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நம்முடைய இளைஞர் யுவதிகள், சம்பளமே இல்லாத இன்னொரு பொறுப்பை ஏற்பது பற்றியது. ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் என்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கைநிறைய இல்லாவிட்டாலும் மாதம் தவறாமல் சம்பளம் எடுக்கிறார்கள். இவர்களில் சிலர் இலங்கை செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளில் தொண்டர்களாக இருக்கிறார்கள். தொண்டராக இருப்பது சரி, தலைமைக்கும் வாருங்கள் என்று சொல்லத்தான் இந்த உரை.

எதற்கு என்று கேட்பீர்கள். மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள்.

பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் கொஸ்லாந்தை. அதற்கு மேலே மீரியபெத்த தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஏழு மணி கடந்து கொஞ்ச நேரம். மலை இறங்கிவந்து லயங்களை மூடியது. எத்தனை பேர் உள்ளே? அன்றைக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாராலும் முடியவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் காணவில்லை என்றார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. அடுத்தடுத்த நாட்களில் தொகை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நாற்பதுக்குக் கீழே நின்றது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பலர் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பிரட்டுக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாதையில் இருந்தார்கள், சிலர் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். லயத்தின் எந்தக் காம்பராவில் அந்த மணிக்கு யார் இருப்பார்கள் என்று எழுதப்பட்ட ஒரு தாள் யாருடைய கையிலும் இருக்கவில்லை. எங்கே தோண்டுவது, எத்தனை பேருக்காகத் தோண்டுவது என்று இராணுவம் கேட்டபோது, அழுதுகொண்டு நின்ற உறவுகள்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். போவதற்குக் காணி வேண்டாமா? தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு லயத்தை விட்டால் வேறு முகவரி இல்லை. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் மாகல்தெனியவில் வீடு கண்டார்கள். காணி கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதை எந்தத் தொண்டரின் தலையிலும் கட்டிவிடக்கூடாது. ஆனால் அந்தத் தாள் இருக்கிறதே, அதை எழுதி வைக்க அரசாங்கம் வரவேண்டியதில்லை.

அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும்? ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் காம்பரா. வாக்காளர் இடாப்பில் மூன்று பெயர். நேரில் போய்க் கேட்டால், மகன் வெள்ளவத்தையில் கடையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி இரவு பஸ்ஸில் வருவார். மருமகள் குவைத்தில். வீட்டில் இருப்பது பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். பாட்டிக்குச் சீனி வருத்தம், முழங்கால் வேலை செய்யாது, தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். இன்சுலின் பக்கத்துக் காம்பராவின் குளிர்சாதனப் பெட்டியில். சின்னவள் காலை எட்டிலிருந்து பிள்ளை மடுவத்தில். இவ்வளவும் ஒரே வரியில் வரவேண்டும். பெயரைவிட முக்கியம் மணி. பகல் பத்து மணிக்கு ஆபத்து வந்தால் ஒரு கணக்கு, இரவு இரண்டு மணிக்கு வந்தால் வேறொரு கணக்கு. இதை எழுதுவதற்கு வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார வேண்டும். கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். குவைத் கதையைக் கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து ஜீப்பில் வருகிற எந்த அதிகாரிக்கும் இந்த விவரம் ஒரு நாளில் கிடைக்காது. அந்தத் தோட்டத்தில் பிறந்து, கணினியில் அட்டவணை போடவும் தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்கும்.

மழைமானியும் அப்படித்தான். மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கக்கூடியது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்துவிட்டால், வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு டோர்ச் லைட்டோடு அட்டைக்கடி பட்டுக்கொண்டு போய் அதை வாசிப்பது யார்? வாசித்த பிறகு, தூங்குகிற அறுபது குடும்பங்களின் கதவைத் தட்டி, "எழும்புங்க, கோயில் மடத்துக்குப் போவம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு?

நான் தலைமை என்று சொல்வது இந்த உரிமையைத்தான். கதவைத் தட்டிவிடலாம். சனம் குழந்தைகுட்டிகளோடு நனைந்துகொண்டு போய் மடத்தில் விடிய விடியக் குந்தியிருக்கும். விடிந்து பார்த்தால் மலை அப்படியே நிற்கும். "என்ன தம்பி, மலை வரலியே?" என்று பிரட்டுக்களத்தில் கேலி தொடங்கும். இரண்டாம் முறையும் மலை நின்றால், மூன்றாம் முறை பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு, மூன்றாம் முறையும் போய்த் தட்டுகிறவர்தான் எனக்குத் தலைவராகத் தெரிகிறார். உலருணவுப் பொதி கொடுக்கும்போது படத்தில் முன்வரிசையில் நிற்கிறவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

உலகக் கதை ஒன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். செஞ்சிலுவை என்றதும் எல்லோரும் ஹென்றி டியூனாண்டைச் சொல்வோம். 1859 ஜூனில், அல்ஜீரியாவில் தனக்கிருந்த தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்கப் போன 31 வயது வியாபாரி அவர். வழியில் சோல்பெரினோ போர்க்களம். காயப்பட்டு ஆயிரக்கணக்கில் கிடந்தவர்களைக் கண்டு, வந்த வேலையை விட்டுவிட்டு, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இரு தரப்பாருக்கும் மருந்து கட்டினார். பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். பெரிய மனம். ஆனால் செஞ்சிலுவைக்கு அடித்தளமிட 1863இல் ஜெனீவாவில் ஐந்து பேர் கொண்ட குழு கூடியபோது, அதில் கஸ்டாவ் மொய்னியே என்ற வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கூட்ட அறிக்கை, சட்டமூலம், கடிதம், நாடுகளோடு பேச்சு என்று காய்ந்த வேலை முழுவதும் அவருடையது. 1864இலிருந்து 1910இல் சாகும்வரை அந்தக் குழுவுக்கு அவரே தலைவர். டியூனாண்டோ 1867இல் கடனில் மூழ்கி ஊரைவிட்டே போனார். 1901இல் முதலாவது சமாதான நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது, அது நியாயமே. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மொய்னியே அவரிடம் கடுமையாகவே நடந்துகொண்டார் என்பதையும் மறைக்க வேண்டாம். இருந்தாலும் நம் பக்கத்தில் டியூனாண்டுகளுக்குக் குறைவில்லை. வெள்ளம் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குகிற பொடியன்கள் எந்தத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். கூட்ட அறிக்கை எழுத, காசுக்கணக்கு முடிக்க, பதுளைக்குக் கடிதம் போட்டுப் பதில் வரும்வரை விடாமல் துரத்த ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் தேவைப்படுவது அங்கேதான்.

இலங்கையில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1934, 35இல் மலேரியா வந்து ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோனது. அப்போது காலனி ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கக் கிராமங்களுக்குப் போனார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்க, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா என்று மருத்துவமும் பொருளாதாரமும் சட்டமும் படித்தவர்கள், பெரும்பாலும் முப்பதைச் சுற்றிய வயது. கொயினா கொடுத்தார்கள். கொயினா மட்டும் போதாது, பசிதான் முதல் வியாதி என்று கண்டார்கள். அந்த அனுபவம் அவர்களை 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சிக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடம், 1936இல், இலங்கையில் செஞ்சிலுவை தொடங்கியது. ஒன்று கட்சியாயிற்று, மற்றது எந்தக் கட்சியும் சாராமல் நிற்க வேண்டிய அமைப்பாயிற்று. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது.

நம் தோட்டங்களில் இது சின்ன விஷயமில்லை. நிவாரணம் வருகிறது என்றால் முதல் கேள்வியே "எந்தச் சங்கத்து ஆளு?" என்பதுதான். பொதியில் யாருடைய படம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் வரிசையே நிற்கும். நடுநிலை என்பது செஞ்சிலுவையின் ஏழு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அதைச் சுவரில் எழுதி வைப்பது லேசு. தன் மாமா தலைவராக இருக்கும் தொழிற்சங்கத்துக்காரருக்கு முதல் பொதி கொடுக்காமல், பட்டியலில் முதலில் இருக்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் மாமா வீட்டுக்குப் போய் முகம் பார்த்துப் பேசுவதுதான் கஷ்டம். ஊர்ப் பிள்ளை தலைமைக்கு வந்தால் ஊரின் பாரமும் கூடவே வரும்.

இனி எனக்கு உறுத்துகிற ஒன்று. தொண்டுக்கு நேரம் யாரிடம் இருக்கிறது? கொழுந்து பறிக்கிற பெண் ஒரு பயிற்சிக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அரைப்பேர்கூடக் கிடைக்காது. ஆசிரியைக்கு அந்தச் சனிக்கிழமை சம்பளம் வெட்டப்படாது. ஆகவே கூட்டங்களில் சம்பளக்காரர் நிறைந்து, மலையேறுகிறவர்கள் குறைந்து, செஞ்சிலுவைக் கிளை என்பது படித்தவர்களின் கழகமாக மாறிவிடும். நான் பார்த்த சில கூட்டங்களில் அப்படித்தான். கூட்டத்தை ஞாயிறு பிற்பகல், லயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பஸ் காசை முன்கூட்டியே கையில் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். பெண்பிள்ளைகள் விஷயமும் உண்டு. முதலுதவி கற்றவர்களில் தாதிகளும் முன்பள்ளி ஆசிரியைகளும்தான் அதிகம், ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மேடையில் மூன்று ஆண்கள். இரவு நேரத்தில் பொம்பளப்பிள்ளை எப்படிப் போவாள் என்று காரணம் சொல்வார்கள். பிரசவத்துக்கு நடுச்சாமத்தில் கூப்பிடும்போது மட்டும் அந்தக் காரணம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

சரி, மொனராகலைப் பக்கம் மலை இறங்குவது குறைவு, எங்களுக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்கள் அனர்த்தம் மெதுவாக வருவது. 2016, 17இல் வறட்சி எப்படி இருந்தது என்று சியம்பலாண்டுவவிலும் புத்தலையிலும் கேட்டால் சொல்வார்கள். பவுசர் எந்த நாள் எந்தச் சந்திக்கு வரும், வீதியிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிற வீட்டுக்குத் தண்ணீரை யார் கொண்டுபோவது, பவுசர் வராவிட்டால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது. இதிலும் அதே தாள்தான் வேண்டும். ஒரே வித்தியாசம், வறட்சியைப் படம் எடுக்க யாரும் ஓடிவருவதில்லை, ஆகவே தொண்டர்களும் மூன்றாம் வாரத்தில் களைத்துப்போவார்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பதுளை மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாதைகள் அறுந்தன, தொலைபேசி போனது. வெளியிலிருந்து உதவி வந்துசேரும்வரை பக்கத்து லயம்தான் ஆம்புலன்ஸ், பக்கத்து லயம்தான் சமையலறை. தோளில் கம்பளியில் வைத்து நோயாளியைத் தூக்கிப் பழகிய சனம் நாம். அந்தப் பழக்கத்தோடு முதலுதவிச் சான்றிதழும் சேர்ந்தால், முதுகெலும்பு அடிபட்டவரை எப்படித் தூக்கக்கூடாது என்பதும் தெரியும்.

சேர விரும்புகிறவர்களுக்கு வழி கஷ்டமில்லை. செஞ்சிலுவைக்குப் பதுளையிலும் மொனராகலையிலும் மாவட்டக் கிளைகள் இருக்கின்றன. உறுப்பினராகி, முதலுதவிப் பயிற்சி எடுத்து, பிறகு நிர்வாகக் குழுவுக்கு நிற்கலாம். வாக்கெடுப்பில் தோற்றால் அடுத்த முறையும் நில்லுங்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியருக்கும் வங்கிக்காரருக்கும் இடமாற்றம் எப்போதும் தலைக்கு மேலே தொங்கும். ஒருவர் மாறிப்போனதும் அந்த லயப் பட்டியல் அவருடைய மடிக்கணினியோடு போய்விடுகிற கதை நிறைய நடக்கிறது. ஒரு பிரதி கொப்பியில் கையெழுத்தாக, கோயில் அலுமாரியிலோ முன்பள்ளியிலோ இருக்கட்டும். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் பழையவரும் புதியவரும் ஒரு தடவை லயம் லயமாகச் சேர்ந்து நடந்து, இன்னார் வந்திருக்கிறார் என்று சனத்துக்கு முகம் காட்டட்டும்.

பட்டியலைத் திருத்த நல்ல மாதம் செப்டெம்பர். ஒக்டோபரிலும் நவம்பரிலும்தான் நம் பக்கம் மழை இறுகும், அதற்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை. ஆனால் தீபாவளிக் கிழமையில் அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கொழும்புப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், மூன்று பேர் என்று எழுதிய காம்பராவில் அன்றைக்கு எட்டுப் பேர் படுத்திருப்பார்கள். மீரியபெத்தையில் மண் இறங்கியது அந்த வருடத் தீபாவளி முடிந்து ஒரு கிழமையில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பென்சிலால் அதைப் பட்டியலின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதிவையுங்கள்.