இடைநிற்றல்: தன்வினையா, பிறவினையா?



பள்ளிப் படிப்பை முடிக்காது விலகும் பிள்ளைகளைக் குறிக்கக் கல்வித் துறை ஆவணங்களில் 'இடைநிற்றல்' என்னும் சொல் வழங்கி வருகிறது. இலக்கண நோக்கில் 'நில்' என்பது தன்வினை. நிற்பவரே அதன் வினைமுதல். ஆனால் ஒன்பதாம் வகுப்பின் பாதியில் விலகும் சிற்றூர்ப் பெண்ணின் நிலையை அணுகி ஆராய்ந்தால், 'நிறுத்து' என்னும் பிறவினையே அங்குப் பொருந்தும் என்பது புலனாகும். நிறுத்தியவர் எவர் என்பதை இச்சொல் மறைத்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஏன் இது நேர்கிறது? 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையே பொருந்தும். பல ஊர்களில் நடுநிலைப் பள்ளியும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு அடுத்த ஊர் செல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமோ, பதினான்கு நிறைந்தோரை அபாயமான தொழில்களினின்று மட்டுமே விலக்குகிறது. படிப்பின் கட்டாயம் தீர்வதும் ஆலையின் வாயில் திறப்பதும் ஒரே வயதில்! 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. பதினான்கு வயதில் எழும் கேள்வியோ சோற்றைப் பற்றியதன்று, வீட்டுக்கு வரவேண்டிய கூலியைப் பற்றியது.

பெண் பூப்பெய்தியதும் பேருந்துப் பயணம் பெற்றோருக்கு அச்சமாகிறது. தாய் களையெடுக்கப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்நேரத்தில்தான் தரகர் வருகிறார். திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் வேரூன்றிய 'சுமங்கலித் திட்டம்' இவ்வாறு வந்ததே. விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்தால், இறுதியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்குறுதி. இடையில் நோயுற்றுத் திரும்பியோர் பலர் அத்தொகையை இழந்தனர். இரவுப்பணியும் பஞ்சுத் தூசும் இருமலும் தரகர் சொல்லாதவை. கணவனோடு வாழ்பவளைக் குறிக்கும் மங்கலச் சொல்லை, மணமாகாத சிறுமியின் கூலிக்குப் பெயராகச் சூட்டிய சாமர்த்தியத்தைத் தமிழறிந்தோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அவளது உழைப்பின் பயன் அவளுக்கு உரியதன்று, வரப்போகும் மணமகனின் வீட்டுக்கு உரியது என்பதை அப்பெயரே ஒப்புக்கொள்கிறது.

ஆண்பிள்ளைகளின் வழி வேறு. கட்டட வேலை, பனியன் தொழில், உணவகம் எனச் சிதறுகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவதால் ஊர் அவர்களைப் 'பொறுப்பான பையன்' என்று பாராட்டவும் செய்கிறது.

தீப்பெட்டித் தொழிலில் வாடிய சிறார்களை ராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக் குஞ்சுகள்' புதினத்தில் காட்டினார். நூற்பாலை விடுதிகளும் அத்தகைய பொறுமையுள்ள எழுத்தை வேண்டி நிற்கின்றன.

அரசு வாளாவிருக்கவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவி, 2022இல் உயர்கல்வி உதவியாக மாறிப் 'புதுமைப்பெண்' ஆயிற்று. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. திருமணத்துக்கென்று தந்ததைப் படிப்புக்கென்று தருவது நல்ல மாற்றமே. எனினும் அது பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவளுக்கு. ஒன்பதில் நிறுத்தப்பட்டவளின் கை அதுவரை எட்டாது.

அவள் திரும்பி வர வழி இல்லாமலில்லை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, பள்ளிக்கு நேரில் செல்ல வேண்டும். நூற்பாலை விடுதியிலிருந்து அதற்கு விடுப்புத் தருவார் யார்?