சக்கரவர்த்தி அழைத்த சாட்சிகள்

1235ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். ஜெர்மனியில் ஃபுல்டா என்ற ஊர். மாவு ஆலைக்காரரும் அவர் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஆலை தீப்பற்றி எரிந்தது. அவர்களுடைய ஐந்து பிள்ளைகளும் இறந்துபோனார்கள். ரத்தத்துக்காக யூதர்கள் செய்த கொலை என்று பேச்சு கிளம்பியது. சில நாட்களுக்குள் 34 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் பழிக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1144இல் நார்விச் நகருக்கு வெளியே காட்டில் வில்லியம் என்ற சிறுவனின் உடல் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு வந்த தாமஸ் என்ற துறவி, யூதர்கள் அவனை இயேசுவைப் போல வதைத்துக் கொன்றதாக ஒரு நூலே எழுதினார். இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்த ஜனங்கள்; நம்பினார்கள். ரத்தம் எடுப்பதற்காகவே கொல்கிறார்கள் என்பது ஃபுல்டாவில் சேர்ந்துகொண்டது.

எனக்கு எப்போதும் பிடித்த இடம் இனிமேல்தான். வழக்கு இரண்டாம் ஃபிரெடெரிக் சக்கரவர்த்தியிடம் போனது. பிரபுக்களையும் குருமார்களையும் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். நீங்களாக இருந்தால் அடுத்து யாரைக் கூப்பிடுவீர்கள்? கல்லூரி வகுப்பில் மாணவர்களிடம் இதைக் கேட்பது என் வழக்கம். வக்கீலை, மருத்துவரை என்பார்கள். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அந்த மதத்தை விட்டு வந்தவங்களைக் கேட்கலாம் சார்" என்றாள். சக்கரவர்த்தி செய்ததும் அதுதான்! யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய, வேதம் கற்றவர்களை அனுப்பச் சொல்லி மற்ற நாட்டு அரசர்களுக்கு எழுதினார். பழைய மதத்தில் அப்படி ஒரு ரகசியம் இருந்திருந்தால், அதை மறைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை, பாருங்கள்.

அவர்கள் சொன்னது: யூதருக்கு மிருக ரத்தமே விலக்கு, மனித ரத்தத்துக்கு எங்கே போவது? 1236இல் யூதர்கள் குற்றமற்றவர்கள் என்று சக்கரவர்த்தி தீர்ப்பளித்தார். 1247இல் போப் நான்காம் இன்னொசென்ட்டும் இந்தப் பழியைக் கண்டித்தார்.

ஆனாலும் 1255இல் லிங்கன் நகரச் சிறுவன் ஹியூ சாவுக்காக லண்டனில் யூதர்களைத் தூக்கிலிட்டார்கள். 1475இல் இத்தாலியின் ட்ரென்ட் நகரில் சைமன் என்ற குழந்தையின் சாவுக்கும் யூதர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் குழந்தைக்கு நடந்துவந்த வழிபாட்டைத் திருச்சபை நிறுத்தியது 1965இல்தான்.

நேரம் முடிகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இந்தப் பழியைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது, ஃபுல்டா விசாரணையையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.