ஆளுநர் தர முடியாத அட்டை

 

எனக்கு முன் பேசிய ஐயா நன்றாகப் பேசினார். பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது, ஆகவே அமெரிக்க காங்கிரஸ் எரிசக்திச் சட்டத்தைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும், குடியேற்றச் சட்டம் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றார். பூமி சூடாகிறது என்றபோது நானும் கைதட்டினேன். குடியேற்றம் காத்திருக்கட்டும் என்றபோது என் கை எழவில்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பத்து வருடத்துக்கும் மேலாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் அதைச் சொல்வது பெரிய துணிச்சல்தான்.

குடியேற்றச் சட்டம்தான் முதலில். அதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தச் சண்டை புதிதல்ல. 2010 ஏப்ரலை நினைவுபடுத்துகிறேன். அதற்கு முந்தைய வருடம் ஜூனில் பிரதிநிதிகள் சபை, வாக்ஸ்மன்–மார்க்கி எரிசக்தி மசோதாவை 219-க்கு 212 என்று மயிரிழையில் நிறைவேற்றி அனுப்பியிருந்தது. செனட்டில் தங்களுடைய மசோதாவை மூன்று பேர் உட்கார்ந்து எழுதினார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் ஜான் கெர்ரி, சுயேச்சை ஜோ லீபர்மேன், குடியரசுக் கட்சிக்காரர் லிண்ட்சே கிரஹாம். ஏப்ரல் 26, திங்கட்கிழமை வெளியிடுவதாக ஏற்பாடு.

நடுவில் என்ன நடந்தது? ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். கடலில் எண்ணெய் கொட்டத் தொடங்கியது. ஏப்ரல் 23 அன்று அரிசோனாவில் ஆளுநர் ஜேன் ப்ரூவர், சந்தேகம் வந்தால் போலீஸ் குடியேற்றக் காகிதம் கேட்க வேண்டும் என்கிற எஸ்.பி. 1070 சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சனிக்கிழமை, கிரஹாம் எரிசக்தி மசோதாவிலிருந்து விலகிக்கொண்டார். செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் குடியேற்றத்தை முன்னுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார், இது தேர்தல் கணக்கு என்று குற்றம் சாட்டினார். கணக்கு இருக்கத்தான் செய்தது. நவம்பரில் நெவாடாவில் ரீடுக்குத் தேர்தல். அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்கு இல்லாமல் கரையேற முடியாது.

இரண்டு சட்டமும் எதற்கு வேண்டும் என்பதை நாடே கண்ணால் பார்த்த வாரம் அது. அந்த வாரத்தில்தான் எது முதலில் என்று இவர்கள் மல்லுக்கு நின்றார்கள். விளைவு? ஜூலை 22 அன்று எரிசக்தி மசோதாவைக் கைவிடுகிறோம் என்றார் ரீட். டிசம்பர் 18 அன்று, சிறுவயதில் இங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்கான ட்ரீம் மசோதா 55 வாக்கு வாங்கியும், செனட்டில் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 இல்லாததால் செத்தது. ரீட் மட்டும் ஜெயித்தார்.

'அப்படியானால் இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொல்லுங்களேன்' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். எனக்குச் சம்மதமில்லை. செனட்டுக்கு நாட்கள் குறைவு. 60 வாக்குச் சேர்ப்பது அதைவிட அரிது. யாரோ முன்னால், யாரோ பின்னால் நிற்கத்தான் வேண்டும். யார் முன்னால் என்பதற்கு நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான்: காங்கிரஸைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை எது?

எரிசக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மசோதா 2010-ல் செத்தது. நிலக்கரி என்ன ஆயிற்று? 2005-ல் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2023-ல் ஆறில் ஒரு பங்குதான். பாறை எரிவாயு மலிவானது, காற்றாலையும் சோலாரும் விலை இறங்கின, மாநிலங்கள் தாமாக நடவடிக்கை எடுத்தன. கலிபோர்னியா 2006-லேயே சொந்தமாகச் சட்டம் போட்டது. டெக்ஸாஸைப் பாருங்கள், எண்ணெய் மாநிலம்! ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்த 1999-லேயே அங்கே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குச் சட்டப்படி இலக்கு வைத்தார்கள். பிறகு சுமார் 700 கோடி டாலர் செலவில், மேற்கு டெக்ஸாஸின் காற்றை நகரங்களுக்குக் கொண்டுவர மின்பாதை போட்டார்கள். இன்று காற்று மின்சாரத்தில் நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான். ஐயோவாவில் பாதிக்கு மேல் காற்று மின்சாரம்.

காங்கிரஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். காற்றாலைக்கு வரிச்சலுகை 1992-லேயே வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் ஐயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லி. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 2022 ஆகஸ்டில் பைடன் அரசு வரலாறு காணாத எரிசக்திச் செலவுக்குச் சட்டம் போட்டது. செனட்டில் 50-க்கு 50 நின்று, துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் வாக்களித்து நிறைவேறியது. 60 தேவைப்படவில்லை. பட்ஜெட் வழியில் கொண்டுபோனார்கள். அதே பட்ஜெட் வழியில் குடியேற்றத்தையும் சேர்த்துவிடலாம் என்று 2021-ல் முயன்றார்கள். அவை விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்கிற எலிசபெத் மக்டோனா மூன்று முறையும் முடியாது என்றுவிட்டார். எரிசக்திக்குப் பக்கவாசல் உண்டு, குடியேற்றத்துக்கு இல்லை.

குடியேற்றத்தில் ஆளுநர் நினைத்தால் ஒரு கிரீன் கார்டு தர முடியுமா? மேயர்? சந்தை? ஒரு கம்பெனி உங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாலும் ஒரு அட்டை அச்சடிக்க முடியுமா? குடியேற்றம் ஒன்றிய அரசின் அதிகாரம் என்று சொல்லித்தான் 2012-ல் உச்ச நீதிமன்றம் அரிசோனா சட்டத்தில் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது. அதே வருடம் ஜூனில் ஒபாமா, அந்த ட்ரீம் பிள்ளைகளுக்குக் காங்கிரஸ் செய்யாததைத் தன் உத்தரவால் ஓரளவு செய்து பார்த்தார். டாகா என்கிறோமே, அது. அன்றிலிருந்து நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருக்கிறது. அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சட்டப்படி விசாவில் வந்த குழந்தை என்பதாலேயே இடமில்லை! 21 வயது ஆனதும் அப்பா அம்மாவின் விண்ணப்பத்திலிருந்து உதிர்ந்து விழுகிறது. இங்கே பள்ளிக்கூடம் படித்த குழந்தை, பிறந்த ஊருக்கே அந்நியமாகத் திரும்புகிறது.

ஜனாதிபதியின் பேனாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி வேலை விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஓர் அறிவிப்பு. ஊருக்குக் கிளம்பி விமானத்தில் உட்கார்ந்தவர்கள் பதறி இறங்கினார்கள். ஊரில் இருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறி ஓடி வந்தார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் வரிசையைத் தீர்மானிக்கிற சட்டம் எப்போது போட்டது தெரியுமா? 1990 நவம்பரில். வேலை அடிப்படையில் வருடத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கூடாது. மன்மோகன் சிங் தாராளமய பட்ஜெட் வாசிப்பதற்கு எட்டு மாதம் முன்னால்! ஐஸ்லாந்துக்கும் உச்சவரம்பு ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. வீட்டில் எத்தனை பேர் என்று பாராமல் எல்லா ரேஷன் கார்டுக்கும் ஒரே படி அரிசி அளந்தது போல!

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். கரிப்புகை காத்திருக்காது, இன்று விட்ட புகை நூற்றாண்டுகள் வானத்தில் நிற்கும், மனிதர் காத்திருக்கலாம், பூமி காத்திருக்காது என்கிறார்கள். முதல் பாதி சத்தியம். ஆனால் புகையில்லாத மின்சாரத்தை யார் கட்டப் போகிறார்கள்? ஜார்ஜியா மாநிலத்தில், சவானா பக்கத்தில், எல்லாபெல் என்று ஓர் ஊர். ஹூண்டாயும் எல்.ஜி.யும் சேர்ந்து மின்சாரக் கார்களுக்குப் பேட்டரித் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மண்ணில் பேட்டரி செய்ய வாருங்கள் என்று வரிச்சலுகை காட்டி அழைத்தது இதே அரசாங்கம். 2025 செப்டம்பர் 4 அன்று குடியேற்ற அதிகாரிகள் உள்ளே புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள். இயந்திரம் பொருத்த வந்தவர்களைக் கையிலும் காலிலும் சங்கிலி போட்டுப் பேருந்தில் ஏற்றியதை உலகமே படத்தில் பார்த்தது. வேலை நின்றது, தொழிற்சாலை மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்றார்கள். அந்த மாதிரி வேலைக்குப் பொருத்தமான விசா வேண்டும் என்று கொரியா கேட்டுக்கொண்டே இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தனி விசா உண்டு, கொரியாவுக்கு இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது காங்கிரஸ்.

ஐயா அவர்களே! எரிசக்திச் சட்டம் வந்துதானே அந்தத் தொழிற்சாலை எழுந்தது? எங்கே போய் முட்டி நின்றது? குடியேற்றத்தில்.

இன்னொன்றையும் பாருங்கள். 2022-ல் கொடுத்த, நீட்டித்த எரிசக்திச் சலுகைகளில் பெரும்பங்கை 2025 ஜூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் வெட்டிவிட்டது. மின்சாரக் காருக்கான 7,500 டாலர் அந்த செப்டம்பரோடு போயிற்று. வீட்டுக் கூரை சோலார் சலுகை டிசம்பரோடு போயிற்று. மூன்றே வருட ஆயுள். ஆனால் 1986-ல் ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் காகிதம் பெற்றார்களே, அவர்களை எந்த ஜனாதிபதியாலும் பழைய நிலைக்குத் தள்ள முடியவில்லை. வீடு வாங்கினார்கள், கடை வைத்தார்கள், குடிமக்களாகி வாக்குப் போட்டார்கள். எரிசக்திச் சட்டத்தை அடுத்த சட்டம் அழிக்கும். குடியேற்றச் சட்டமோ, தன்னைக் காப்பாற்றும் வாக்காளரைத் தானே உண்டாக்கும்.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் சிலர் கூட்டம் முடிந்ததும் காதருகே வந்து சொல்வார்கள்: 'நாம சட்டப்படி வந்தவங்க சார். எல்லை தாண்டி வந்தவங்களோட நம்மளை ஏன் சேர்க்கறீங்க? நம்ம வரிசையை மட்டும் தீர்த்தா போதும்.' அந்த ஆசையின் கதையைக் கேளுங்கள். ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பை எடுக்கும் மசோதா 2011-ல் பிரதிநிதிகள் சபையில் 389-க்கு 15 என்று ஜெயித்தது. செனட்டில் அதைத் தடுத்து நிறுத்தியவர் யார்? காற்றாலையின் தந்தை சக் கிராஸ்லி! காற்று வரலாம், ஆள் வரக்கூடாது போலும். 2019-ல் மறுபடியும் சபையில் ஜெயித்தது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்கவில்லை, கூட்டத்தொடர் முடிந்தது, மசோதாவும் முடிந்தது. தனியாகப் போனவர்களின் கதி இதுதான். நமக்காகப் பதவி போய்விடுமே என்று பயப்பட இங்கே எந்த உறுப்பினருக்கும் காரணமில்லை, ஏனென்றால் நம் தலை எண்ணிக்கை அவ்வளவுதான்.

2013-ல் வேறு மாதிரி ஒன்று நடந்தது. எட்டு செனட்டர்கள் சேர்ந்து எழுதிய பெரிய மசோதா. நம் ஏழு சதவீத வரம்பை எடுப்பதும் அதில் இருந்தது, காகிதமில்லாதவர்கள் குடிமக்களாகும் வழியும் அதில் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவர், முன்னே எரிசக்தியை விட்டு ஓடினாரே, அந்த கிரஹாமேதான்! 68-க்கு 32. குடியரசுக் கட்சியிலிருந்தே 14 பேர் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான் பெய்னர் அதை வாக்குக்கே விடவில்லை. காகிதமில்லாதவர்கள் அன்று ஒரு கோடியே 10 லட்சம் என்றார்கள். 2023-ல் ஒரு கோடியே 40 லட்சம் என்கிறது பியூ ஆய்வு மையம். தக்காளி பறிக்கிறவர், கூரை வேய்கிறவர், சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர் அவர்கள். அவர்களோடு நின்றால் நமக்கு அவமானம் என்று நினைக்கிறவர்கள், நம் தாத்தாக்கள் எந்தக் காகிதத்தோடு பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள், அங்கே காகிதம் இல்லாமல் போனபோது என்ன ஆனார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2026 நவம்பர் 3 அன்று தேர்தல். வாக்குள்ளவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், தீபாவளி விழாவில் விளக்கேற்றிப் புடவையைப் புகழ்ந்துவிட்டுப் போக விடாதீர்கள். நிறுத்திக் கேளுங்கள்: 1990-ன் வரம்பை மாற்றவும், 21 வயதுப் பிள்ளைகளைக் காக்கவும், காகிதமில்லாதவர்களுக்கு வழி திறக்கவும் முதல் வருடத்திலேயே வாக்களிப்பீர்களா? எரிசக்தி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொன்னால், வாக்கையும் அதற்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.