காருக்கு அடியில் படுக்காமலே எண்ணெய் மாற்றலாம்



கெடா மாநிலத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. பீடோங் ஹார்வர்ட் தோட்டமானாலும் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமானாலும், வேலைக்கும் மருத்துவமனைக்கும் பட்டணம் போக வண்டி வேண்டும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இரவு வேலை முடித்துத் திரும்புகிறவருக்கும் அதுதான் துணை. செலவைக் குறைக்கப் பலர் ‘மினியாக் ஹித்தாம்’ எனப்படும் இயந்திர எண்ணெயை வீட்டிலேயே மாற்றுகிறார்கள். அது பாராட்டத்தக்க பழக்கமே. ஆனால் ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது. மழையில் ஊறிய மண் தரையில் ஜெக் ஒரு பக்கமாகச் சாய ஒரு நொடி போதும்.

இதற்கு ஒரு மாற்று வழி, வெற்றிட பம்பு.

காற்றுதான் வேலை செய்கிறது

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ வான் குவெரிக்கே 17ஆம் நூற்றாண்டில் காட்டிய தத்துவமே இதற்கு அடிப்படை. மூடிய கலனிலிருந்து காற்றை வெளியேற்றினால், வெளியே இருக்கும் காற்று தன் எடையால் உள்ளே தள்ளப் பார்க்கும். எண்ணெயை பம்பு இழுப்பதில்லை. காற்றுதான் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது.

செய்முறை எளிது. காரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி வரும். கொதிக்கும் சூடு கூடாது. அளவுகோல் கம்பியை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடித்தட்டில் முட்டும் வரை இறக்குங்கள். பிறகு பம்பை அடித்தால் பழைய எண்ணெய் கலனில் சேரும். வந்தது எவ்வளவு என்று அளந்து, கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே புதியதை ஊற்ற வேண்டும். பாதி எண்ணெய் உள்ளே நின்றிருக்க, முழு அளவையும் ஊற்றினால் இயந்திரத்திற்குக் கேடு.

இதிலும் குறை உண்டு. அடியில் படிந்த கசடும் இரும்புத் துகளும் முழுமையாக வருவதில்லை. சில இயந்திரங்களில் குழாய் அடிவரை எட்டுவதும் இல்லை. வடிகட்டியையும் மாற்றியாக வேண்டும். பல கார்களில் அது அடிப்பக்கம்தான் இருக்கிறது. ஆகவே இடையிடையே பட்டறையில் அடித்திருகைக் கழற்றி வடிப்பது நல்லது.

மறக்கப்படும் பிரேக் எண்ணெய்

இயந்திர எண்ணெயை நினைவாக மாற்றுகிறவர்கள் பிரேக் எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவுகோல் 140 பாகைதான். குனோங் ஜெராய் மலைச்சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது சூடு ஏறி, எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரை வரை அமுங்கும்; வண்டி நிற்காது. குடும்பமே காரில் இருக்கும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்பெல்லாம் ஒருவர் மிதிக்க, மற்றவர் திருகைத் திறக்க வேண்டும். கை வெற்றிட பம்பு இருந்தால் ஒருவரே செய்யலாம். சக்கரத்தருகே உள்ள காற்று நீக்கும் திருகில் குழாயை மாட்டி, பம்பை அடித்து, திருகைச் சற்றே தளர்த்தினால் பழைய எண்ணெய் வெளிவரும். மேலே உள்ள கலன் ஒருபோதும் வறண்டுவிடக் கூடாது. வறண்டால் காற்று உள்ளே புகும். குழாயில் குமிழி தொடர்ந்து வந்தால் கலங்க வேண்டாம். திருகின் மரை வழியாகவும் வெளிக்காற்று வரும். மிதியின் இறுக்கமே சரியான சோதனை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள கப்சாய்க்கும் இதே முறைதான்.

மூன்று எச்சரிக்கைகள். இயந்திர எண்ணெய் எடுத்த குழாயையும் பம்பையும் பிரேக்கிற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டியிருக்கும் எண்ணெய் ரப்பர் வளையங்களை உப்பச் செய்யும். அந்த பம்பால் பெட்ரோல் எடுக்காதீர்கள். தீ விபத்து நேரலாம். வேலை முடிந்ததும் மிதி கெட்டியாக இருக்கிறதா என்று பாராமல் வண்டியை நகர்த்தாதீர்கள். மிதி மெத்தென்று இருந்தால், அதுவும் ஏபிஎஸ் உள்ள கார் என்றால், பட்டறைக்காரரை வீட்டுக்கு அழையுங்கள்.

பழைய எண்ணெய் எங்கே போகிறது?

வீட்டு வேலையில் பெரிய தவறு கடைசியில்தான் நடக்கிறது. கறுப்பு எண்ணெயை லோங்காங்கில் கொட்டிவிடுகிறார்கள். பாலிங், கோலாக்கெட்டில் பக்கத்து நீர் கெட்டில் ஆற்றின் வழியாக மூடா ஆற்றில் கலக்கிறது. கெடா மக்களும் பினாங்கு மக்களும் குடிப்பது அந்த மூடா ஆற்று நீரைத்தான். பழைய மசகு எண்ணெயை 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. 2019 மார்ச்சில் ஜொகூர் கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியதால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாடு மறந்துவிடவில்லை.

வெற்றிட பம்பில் இங்கேயும் ஒரு நன்மை உண்டு. எண்ணெய் சிந்தாமல் கலனிலேயே இருக்கிறது. அதை மூடியுள்ள புட்டியில் ஊற்றி, பிரேக் எண்ணெயோடும் தண்ணீரோடும் கலக்காமல், பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

சிக்கனம் நல்லதுதான். அந்தச் சிக்கனம் அப்பாவின் உயிரையும் அண்டை வீட்டாரின் குடிநீரையும் விலையாகக் கேட்கக் கூடாது.