எட்டு மில்லி ஏலக்காயும் எட்டு ஜிபி மடிக்கணினியும்

நடுவர் அவர்களே! எதிரணியில் கர்ஜித்துவிட்டு அமர்ந்திருக்கும் அருமைத் தங்கையே! போடிநாயக்கனூர்ப் பெருமக்களே!

கையில் காசு குறைவென்றால் வாங்க வேண்டியது புதிய மடிக்கணினியா, புதுப்பித்த பழையதா? இதுதானே தலைப்பு? தங்கை கேட்டாங்க: "செருப்பே புதுசா வாங்குறோம், படிக்கிற பிள்ளைக்குப் பழசா?" நானும் கை தட்டினேன். ஏன்னா, 2021-இல் இதே வசனத்தைப் பேசினவன் நான்தான். (சிரிப்பு)

என் மாணவி ஒருத்தி. அவள் அம்மா விடியுமுன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் பறிக்கப் போகிறவர். கொரோனா காலம், வகுப்பெல்லாம் திரையில். 24,000 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "ஐயா, பழசு ஒண்ணு சல்லிசா வருதாம், வாங்கலாமா?" நான் பெரிய மனுஷனாக, "உழைச்ச காசும்மா, புதுசாவே வாங்குங்க" என்றேன். முனைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாங்க. நான் முனைவர் பட்டம் வாங்கியது சங்க இலக்கியத்தில். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (சிரிப்பு)

வந்தது புத்தம் புதுப் பெட்டி. பளபளப்பு! உள்ளே 4 ஜிபி நினைவகம். சேமிப்பு 64 ஜிபி; அதுவும் மெதுவாக ஓடும் இஎம்எம்சி, பலகையோடு பற்றவைத்தது. விண்டோஸே பாதி இடத்துக்கு உட்கார்ந்துவிட்டது. அடுத்த அப்டேட் வந்தபோது இடமில்லை என்று நின்றது. ஒரே வருஷம். அந்தப் பெண் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை செல்போனில் தட்டித் தட்டி எழுதினாள். பக்கங்களைத் திருத்தினவன் நான். தலை நிமிரவில்லை.

போடிக்காரங்களுக்கு நான் பாடம் சொல்லணுமா? ஏல மையத்தில் மாதிரிக் காயைப் பார்க்கிற வியாபாரி, பச்சை நிறத்தை மட்டும் பார்த்தா விலை போடுறார்? எத்தனை மில்லி, லிட்டர் எடை எத்தனை கிராம்? எல்லாம் பார்க்கிறார். எட்டு மில்லி காய்க்குத்தான் மரியாதை. மடிக்கணினிக்கும் அதே எட்டுதான்! நினைவகம் 8 ஜிபி. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. (கைதட்டல்) அதற்கு முந்தியவற்றை, ஒரு சிலது தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையைச் சல்லிசு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை! ஹார்ட் டிஸ்க் வேண்டாம், 256 ஜிபி எஸ்எஸ்டி கேளுங்கள். இந்த எட்டெல்லாம் புதுசிலேயே கிடைக்கிற அளவு காசிருந்தால், தாராளமாகப் புதுசு வாங்குங்கள். தலைப்பு அவர்களுக்கில்லை.

"பேட்டரி போயிருக்குமே?" என்றார் தங்கை. நியாயம். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் பேட்டரிதானே கதி! கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. செய்தபோது எவ்வளவு கொள்ளளவு, இன்று எவ்வளவு நிரம்புகிறது, ரெண்டும் எண்ணாக வந்துவிடும். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். மூடியைத் திறந்து மூடுங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். வாரண்டி எழுதின பில் இல்லையா? இறங்கி வந்துவிடுங்கள்.

2023-இல் மறுபடி மதுரைக்குப் போனோம், மூன்று பேரும். ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்தது, 18,000 ரூபாய். பாதியை நான் தருகிறேன் என்றேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை. கடையில் வைத்தே கேட்டார்: "நான்தான் பழைய சேலையைக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். எம்புள்ளைக்கும் பழசாய்யா?"

மேடையில் முப்பது வருஷம் பேசினவனுக்குப் பதில் வரவில்லை. மகள்தான் சொன்னாள்: "பழசு இல்லம்மா. ஏற்கெனவே வேலை பார்த்தது. வேலை தெரிஞ்சது."

அம்மா மூடியைத் தடவிப் பார்த்தார். "அப்ப நம்ம ஆளுதான்."

(கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. அந்த 24,000 இன்னும் என் பேரில்தான் நிற்குது.