சே குவேராவுக்குச் சட்டை தைத்தவர் யார்?

பருத்திக் காட்டு வேலையை முடித்துக் கைகால் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பாடாலூர்த் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே!

எனக்கு முன்னே பேசிய பெரியவர், கியூபப் புரட்சியாளர் சே குவேரா படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கிற பையன்களைப் பிடிபிடியென்று பிடித்தார். யாரென்றே தெரியாமல் போடுகிறான் என்றார். நான் அந்தப் பையன்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். தெரியாமல் போட்டவனைத் திட்டுகிறோம்; தெரிந்தே விற்றவனை என்ன கேட்டோம்?

பனியனில் இருக்கிற அந்தப் படம் 1960 மார்ச் 5 அன்று எடுத்தது. முதல் நாள் ஹவானா துறைமுகத்தில் ஆயுதக் கப்பல் வெடித்துத் தொழிலாளிகள் செத்தார்கள். அவர்களுக்கான இரங்கல் கூட்டத்தில் புகைப்படக்காரர் ஆல்பர்ட்டோ கோர்டா பிடித்த முகம் அது. செத்தவர்களுக்காகக் கொதித்துப் போன முகம்! 1967இல் சே குவேராவைச் சுட்டுக் கொன்ற பிறகு அது உலகெங்கும் சுவரொட்டியானது. கோர்டா யாரிடமும் காசு கேட்கவில்லை. ஆனால் ஒரு வோட்கா விளம்பரத்தில் அந்த முகத்தைப் போட்டபோது, 2000இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார். கிடைத்த பணத்தைக் கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்தார். சே முகம் ஊரெல்லாம் பரவட்டும், சாராயத்துக்குத் தரகு வேலை பார்க்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இன்று எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் கறுப்புச் சட்டை கிடைக்கும். 1946 மே மாதம் மதுரையில் பெரியாரின் கருஞ்சட்டைப் படை மாநாடு நடந்தபோது பந்தலையே கொளுத்தினார்கள். 1948இல் அரசாங்கம் அந்தப் படைக்கே தடை போட்டது. அன்றைக்கு அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

பகத்சிங்கின் தொப்பி வைத்த படம் 1929இல் டெல்லியில் எடுத்தது. இன்று பைக் டேங்கில் ஒட்டியிருக்கிறோம். சிறையில் அவர் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தமிழாக்கினார். பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமி வெளியிட்டார். இருவரையும் வெள்ளைக்காரன் கைது செய்தான். அவர்கள் பகத்சிங்கின் எழுத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். நமக்கு மீசை போதும் என்றாகிவிட்டது! போதாக்குறைக்குச் சாதிச் சங்க ஃபிளெக்ஸில் சே குவேராவை நிறுத்தி வைக்கிறார்கள். கேட்க ஆளில்லை.

இப்போது அந்தப் பனியனையே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பருத்தி யாருடையது? நம்முடைய கரிசல் மண்ணில் விளைவது. விலை வைப்பது நாமா? நூற்றது யார்? சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் சூட்டி, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வைத்தார்களே, அந்தப் பெண்கள்! அப்படி நூற்ற நூலில் பின்னிய பனியன்மேல் சேவின் முகத்தை அச்சடித்தால், அதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டாம். வோட்காக்காரன்கூட அந்த அளவுக்குப் போகவில்லை.

புரட்சி எங்கே நடந்தது தெரியுமா? 2021 தொடக்கத்தில், திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் விடவில்லை. 2022இல் அந்தத் தொழிற்சாலையின் ஏற்றுமதிக் கம்பெனியையும் எச் அண்டு எம் போன்ற உலக பிராண்டுகளையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. வேலையிடத்தில் பெண்ணைத் தொந்தரவு செய்தால் கேள்வி கேட்கத் தொழிலாளிகளிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். அதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். அந்தப் பெண்கள் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டோமா?

தம்பிகளே, பனியனைக் கழற்றச் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு, மில்லுக்குப் போன அக்கா தங்கச்சியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப். பிடிக்கிறார்களா, ஓவர்டைம் காசு வருகிறதா, லீவு கேட்டால் வீட்டுக்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். சாதி ஃபிளெக்ஸில் சே நின்றால், இறக்கு என்று சொல்லுங்கள்.

நாளைக் காலையிலேயே வீடு வீடாகப் போய், மில்லுக்குப் போகும் பெண்களின் பட்டியல் எடுங்கள். பட்டியல் தயாரானதும் சொல்லி அனுப்புங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்கு உங்களோடு நானும் வருகிறேன்.