விளக்குப் பூட்டினால் கிணறு சுத்தமாகுமா?



ஊருக்கு உதவி செய்யும் சங்கங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: "பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் புறஊதா விளக்குப் பூட்டினால் தண்ணீரில் இருக்கிற எண்ணெய், பூச்சிமருந்து எல்லாம் போய்விடுமாமே, உண்மையோ?" பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் நாங்கள் காசு அனுப்பினால், நட்டம் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். சாதாரண வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை. தண்ணீரில் இருந்ததைத் தன்னிடம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் புத்தகத்தில் ஒரு கடனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி எழுதுவது போன்றது இது. கடன் தீரவில்லை. ஒளியால் ஒட்சியேற்றும் முறையில் நஞ்சின் மூலக்கூறே உடைகிறது.

அது நடக்கும் விதம் இதுதான். தண்ணீரில் மிகச் சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டுக் கலக்கிறார்கள். காயத்தில் விட்டால் நுரைக்கிற அதே மருந்துதான். அதன் மீது புறஊதாக் கதிர் பட்டதும் அது இரண்டாகப் பிளந்து, ஐதரொட்சில் என்னும் சுயாதீன மூலிகங்களாகிறது. இவை கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயிர்வாழ்வதில்லை. ஆனால் அதற்குள் எதிர்ப்படும் சேதனப் பொருளைத் தாக்கிச் சிதைத்துவிடும். முழுமையாகச் சிதைந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் தண்ணீரும். அரைகுறையாகச் சிதைந்தால் புதிய துண்டுகள் மிஞ்சும். அவற்றையும் கவனிக்க வேண்டும்.

நெதர்லாந்தில் அண்டைக் என்ற இடத்தில் 2004ஆம் ஆண்டு இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். ரைன் நதியின் நீர் வந்து சேரும் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையம் அது. அற்றசின் போன்ற களைகொல்லிகளை உடைப்பது நோக்கம். ஒரு லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவில் பேரொட்சைட்டைக் கலந்து, கடைசியில் தண்ணீரைக் கரிப் படுக்கையினூடாகவும் விட்டார்கள். கலிபோர்னியாவின் ஒறேஞ்ச் கவுண்டியில் 2008 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தடிக்கு விடுகிறார்கள். அங்கும் நுண்வடிகட்டல், சவ்வு வடிகட்டல் இரண்டுக்கும் பின்னர் கடைசிப் படி இதுதான். 2023இல் விரிவாக்கிய பின் அதன் கொள்ளளவு நாளுக்கு ஏறக்குறைய 49 கோடி லீற்றர்.

இனி மற்றப் பாதி. வீட்டுக்கு விற்கும் விளக்கு கிருமியைக் கொல்லத்தான் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு வழமையாகக் குறிக்கப்படும் கதிரின் அளவு 40 என்றால், அண்டைக்கில் கொடுத்தது 540. பதின்மூன்று மடங்குக்கு மேல்! அதோடு பேரொட்சைட்டும் வேண்டும். வெறும் விளக்கு கிருமியைக் கொல்லும். எண்ணெயை உடைக்காது.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. அதோடு சேர்ந்திருக்கும் இருகாபனேற்று, ஐதரொட்சில் மூலிகத்தை நஞ்சை அடையும் முன்னரே விழுங்கிவிடும். அதே படிவு விளக்கின் கண்ணாடி உறையிலும் ஒட்டி ஒளியை மறைக்கும். அடுத்தது, உரத்தாலும் மலக்குழிகளாலும் வரும் நைத்திரேற்று. அதை இந்த முறை நீக்காது. சிலவகை விளக்குகள் அதில் ஒரு பங்கை நைத்திரைற்றாகவும் மாற்றிவிடும். கைக்குழந்தைகளுக்கு அது இன்னும் கெடுதி.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நேயர்களுக்குத் தெரியும். அந்த வழக்கில் மின் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அப்படியான இடத்தில் முதல் வேலை, எண்ணெய் வரும் வழியை அடைப்பது. எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்குள் ஒளியே சரியாகப் புகாது.

ஆகவே, சங்கத்துப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இயந்திரத்துக்குக் காசு சேர்க்கும் முன்பு தண்ணீரைப் பரிசோதிக்கக் காசு கொடுங்கள். கிருமி, நைத்திரேற்று, எண்ணெய், கடினத்தன்மை எல்லாவற்றையும் அறிக்கையில் எழுத்தில் கேளுங்கள். கிருமி மட்டும் என்றால், தண்ணீரும் தெளிவாக இருந்தால், விளக்கு நல்ல வழி. வேறு ஏதாவது என்றால், "இதே தண்ணீரில் முன்னும் பின்னும் எடுத்த அளவைக் காட்டுங்கள்" என்று விற்பவரிடம் கேளுங்கள். வருடா வருடம் விளக்கு மாற்றவும் உறையைத் துடைக்கவும் யார் பொறுப்பு, அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் அன்றே எழுதி வையுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.